விளிம்பில் எழுதிய வாக்கு

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பர்மிங்ஹாம் பக்கம் நடந்த ஒரு நாணயச் சந்தைக்கு என் டோக்கன் தட்டை எடுத்துப் போயிருந்தேன். விற்க இல்லை, காட்ட. அங்கே மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பதினெட்டாம் நூற்றாண்டில் அரசாங்கக் காசுக்குப் பதிலாக வணிகர்கள் தாங்களே அடித்துக்கொண்ட செப்பு டோக்கன்களைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். என் தட்டில் பன்னிரண்டு குழிகள், பன்னிரண்டிலும் செம்பு இன்னும் சிவப்பு மாறாத உருப்படிகள். பத்து வருடச் சேமிப்பு அது. அவர் கண்ணாடியைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், மரியாதையாகவே பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் அழகு. இதில் எத்தனை வேலை பார்த்திருக்கிறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. வேலை பார்ப்பது என்றால் என்ன, ஒரு டோக்கனின் வேலை என்ன, கை மாறிக் கை மாறித் தேய்வதா, அல்லது அதை அடித்தவன் நினைத்ததைச் செய்து முடிப்பதா? அன்றிலிருந்து நான் டோக்கன் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நான் இதில் விழுந்ததே ஒரு யானையால்தான். கோவென்ட்ரிக்கு வேலைக்கு வந்த புதிதில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு செப்புக்காசு கண்ணில் பட்டது. ஒரு பக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு பெண், மறுபக்கம் முதுகில் கோட்டையைச் சுமந்து நிற்கும் யானை. குதிரைமேல் இருப்பது அந்த ஊர்ப் பழங்கதையில் வரும் கொடைவா சீமாட்டி, யானை கோவென்ட்ரி நகரின் சின்னம் என்றெல்லாம் அப்போது தெரியாது. அம்பாரிக்குப் பதிலாகக் கோட்டையையே தூக்கி வைத்திருக்கிறார்களே என்று வாங்கிவிட்டேன். கீழே 1792 என்று வருடம். மேலே லத்தீனில் 'பொது நன்மைக்காக' என்று எழுதியிருந்தது. ராஜா தலையைக் காணோம். ராஜா தலை இல்லாமல் எப்படி ஒரு காசு இருக்க முடியும் என்று தேடப் போய்த்தான் மொத்தக் கதையும் கிடைத்தது.

கதை இதுதான். 1775க்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் லண்டனில் அரசாங்க நாணயச்சாலை செப்புக்காசே அடிக்கவில்லை. செம்பு ஏழைகளின் காசு, தங்கமும் வெள்ளியும்தான் நிஜமான பணம் என்ற எண்ணம் மேலே இருந்தவர்களுக்கு. ஆனால் அதே வருடங்களில்தான் ஆலைகளும் சுரங்கங்களும் முளைத்து, ஆயிரக்கணக்கான பேருக்கு வாராவாரம் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. கூலிக்காரனுக்கு ரொட்டியும் பீரும் வாங்கப் பென்னியும் அரைப்பென்னியும் வேண்டும். கிடைத்ததெல்லாம் கள்ளக்காசு. 1787இல் நாணயச்சாலையே புழக்கத்தில் இருந்த அரைப்பென்னிகளை எடுத்துப் பார்த்தபோது, ஓரளவாவது ராஜாவின் காசு என்று சொல்லத்தக்கவை நூற்றுக்கு எட்டுதான். மீதி எல்லாம் எடை குறைந்த தகரம் மாதிரியான சமாச்சாரம்.

அந்த வருடமே வேல்ஸின் வடக்கே ஆங்கில்சி தீவில் பாரிஸ் மலைச் செப்புச் சுரங்கத்தை நடத்திய கம்பெனி தானே பென்னி அடிக்கத் தொடங்கியது. கம்பெனியின் மூளை தாமஸ் வில்லியம்ஸ், அடிப்படையில் ஒரு வக்கீல். கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தும் காலம் அது, செம்பு உலகமே அவர் கையில் இருந்தது. ஒரு பக்கம் ஓக் இலை மாலைக்குள் முக்காடு போட்ட தாடிக்காரர் ஒருவரின் தலை. ட்ரூயிட் என்று சொல்லும் பழைய கெல்டிக் பூசாரி, ஆங்கில்சி அவர்களுடைய தீவு. மறுபக்கம் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்த பின்னல் எழுத்து, சுற்றி 'கொண்டு வருபவருக்கு ஒரு பென்னி தர வாக்களிக்கிறோம்'. எடை ஏறக்குறைய ஒரு அவுன்ஸ், நிஜச் செம்பு. பென்னிகள் மட்டும் சுமார் 250 டன் அடித்தார்கள் என்றால் ஜனங்கள் எவ்வளவு பசியோடு காத்திருந்தார்கள் என்று புரியும். அதே வருடம் இரும்பாலை முதலாளி ஜான் வில்கின்சன் தன் தலையையே காசில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை. பத்தே வருடத்தில் ஆயிரக்கணக்கான வகைகள்.

நம்மூரில் டோக்கன் என்றால் ரேஷன் கடையும் ஆஸ்பத்திரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். எனக்கு இந்த வாக்கு முதன்முதலில் பிடிபட்டது வேறொரு ஞாபகத்தால். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லாமல் டிக்கெட்டின் பின்னால் பேனாவால் மீதித் தொகையை எழுதிக் கொடுப்பார், இறங்கும்போது காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்து பணம் இல்லை, ஆனால் அந்த பஸ்ஸுக்குள் அது பணம். கண்டக்டர் பஸ்ஸில் இருக்கும்வரை. ட்ரூயிட் பென்னியும் அதேதான், என்ன, செம்பில் எழுதிய எழுத்து.

விளிம்பு

எல்லோரும் டோக்கனை எடுத்தால் முன்பக்கம் பார்ப்பார்கள், திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள், வைத்துவிடுவார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான். மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது, அதுதான் விளிம்பு. என் கொடைவா அரைப்பென்னியின் முகத்தில் எந்தக் கடைப் பெயரும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிறுத்திச் சுற்றினால்தான் எழுத்து வருகிறது: 'ராபர்ட் ரெனால்ட்ஸ் கம்பெனியின் கிடங்கில் பணம் தரப்படும்'. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இது வெறும் அழகான செப்பு வில்லை. இந்த வரி இருப்பதால் ஒருவர் இதை எடுத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட வாசலில் போய் நிற்கலாம், காசு கேட்கலாம். படம் முகத்தில் இருந்தது, கடன் விளிம்பில் இருந்தது.

இந்த விளிம்பு எழுத்துகளுக்காகவே நான் மாலை மாலையாக உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் சேகரிப்பவர்களுக்கு டால்டனும் ஹேமரும் 1910லிருந்து 1918க்குள் பகுதி பகுதியாக வெளியிட்ட பட்டியல்தான் வேதம். கவுண்டி என்கிற மாவட்டம் வாரியாக எண் போட்டிருப்பார்கள். அதில் ஒரே அச்சில் அடித்த ஒரே டோக்கனுக்கு எத்தனை விளிம்புகள் உண்டோ அத்தனையையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். முதலில் அது வெறும் பிடிவாதம் என்று தோன்றியது. இப்போது அந்த இரண்டு பேரையும் நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

வேலை பார்த்த டோக்கன்களுக்குப் பின்னால் ஒரு வாசல் உண்டு, ஒரு கல்லாப்பெட்டி உண்டு. லண்டனில் ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்று ஒரு புத்தகக் கடைக்காரர். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவர். கடன் கிடையாது, யாராக இருந்தாலும் கையில் காசு, அதனால் விலை குறைவு என்பதுதான் அவர் கண்டுபிடித்த வியாபாரம். கடைக்கு 'கலைமகளிர் கோயில்' என்று பெயர் வைத்து, 'உலகத்திலேயே மலிவான புத்தக வியாபாரிகள்' என்று டோக்கனில் அடித்துக்கொண்டார். கடன் கொடுக்காத கடைக்குச் சில்லறை வேண்டுமல்லவா? அவருடைய அரைப்பென்னி அந்தத் தேவையிலிருந்து வந்தது. இன்னொருவர் பாசில் பர்ச்செல், லாங் ஏக்கர் தெருவில் கதவு எண் 79. வயிற்றுப் பூச்சிக்குச் சர்க்கரை மிட்டாயும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு வலி தெரியாமல் இருக்கக் கழுத்தில் போடும் மாலையும் விற்றவர். அந்த இரண்டையும் டோக்கனிலேயே விளம்பரமாக அடித்துவிட்டார். அதைக் கையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், ராத்திரி முழுக்க அழுத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாங் ஏக்கருக்கு நடந்த யாரோ ஒரு அம்மாவை நினைத்துக்கொள்வேன். பாத் நகரத்து அச்சகக்காரர் கை என்பவருடைய அரைப்பென்னியில் ஒரு பெண் உட்கார்ந்து ஒரு சிறுவனை அனுப்பி வைக்கிறாள், 'இல்செஸ்டர் சிறையில் இருக்கும் கடன்காரர்களை நினையுங்கள்' என்று எழுதியிருக்கிறது. ஒரு அச்சகம் தன் சில்லறைக்காசில் போட இதைவிடப் பெரிய வாக்கியம் என்ன இருக்க முடியும்.

நான் மிகவும் மதிக்கும் ஒன்று நியூகேட் டோக்கன். லண்டன் நியூகேட் சிறையின் சுவர் படம், 'திருவாளர்கள் சிமண்ட்ஸ், விண்டர்பாதம், ரிட்ஜ்வே, ஹோல்ட் ஆகியோரின் இல்லத்தில் பணம் தரப்படும்' என்று அறிவிப்பு. நான்கு பேரும் அரசியல் கைதிகள். அச்சடித்ததற்கும் விற்றதற்கும், ஒருவர் பிரசங்கம் செய்ததற்கும் உள்ளே போனவர்கள். அவர்களுடைய இல்லம் அந்தப் படத்தில் இருக்கும் சிறையேதான். காசு வாங்க வேண்டும் என்றால் சிறை வாசலுக்குப் போய் நின்று அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுக்கும் அதே சொற்களை எடுத்து இப்படி ஒரு குற்றச்சாட்டாக மாற்றியவர் யாரோ, அவர் கை பொன்னான கை.

குறடும் மேசை விளக்கும்

சரி, பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னதில் இருந்த உண்மையை நான் தெரிந்தே தள்ளி வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். 1794, 95 வாக்கில் இங்கிலாந்தில் டோக்கன் சேகரிப்பு ஒரு ஜுரம் மாதிரி பரவியிருக்கிறது. இப்ஸ்விச் நகரத்துத் துணிக்கடைக்காரர் ஜேம்ஸ் காண்டர் 1798இல் ஒரு பட்டியல் புத்தகமே போட்டார். அமெரிக்கர்கள் இன்றும் இவற்றை 'காண்டர் டோக்கன்' என்றுதான் சொல்கிறார்கள். சேகரிப்பவர்கள் வந்ததும் அவர்களுக்காகவே அடிப்பவர்களும் வந்துவிட்டார்கள். லண்டனில் ஸ்கிட்மோர் தேவாலயங்களையும் நகர வாசல்களையும் வரிசை வரிசையாக அடித்தார், பர்மிங்ஹாமில் கெம்ப்சன் கட்டடங்களை அடித்தார். எந்தக் கல்லாவுக்கும் போக வேண்டிய அவசியம் இல்லாத, நேராக இழுப்பறைக்குப் போன டோக்கன்கள் அவை. இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து என் தட்டில் பளபளவென்று உட்கார்ந்திருந்தவற்றில் பாதி அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். தேயாமல் இருக்கிறது என்றால், யாரும் செலவழிக்கவில்லை என்று அர்த்தம்.

என் தட்டிலேயே அதிக விலை கொடுத்து வாங்கியது ஒரு லாக்கிங்டன் அரைப்பென்னி. இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன், விளிம்பில் எழுத்து உண்டு என்று விவரத்தில் போட்டிருந்தார். வந்தது கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஸ்லாப் என்பார்கள், தரம் பார்த்து எண் கொடுத்து இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடிவிடும் அந்தப் பெட்டி. உள்ளே டோக்கனைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். முகம் தெரியும், முதுகு தெரியும், விளிம்பு மட்டும் தெரியாது. நான்கு வருடம் அப்படியே வைத்திருந்தேன். பெரியவரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் முழுக்க அந்த வெள்ளை வளையமே கண்ணில் நின்றது. ஒரு வாக்குச் சீட்டை வாங்கி, வாக்கு எழுதிய பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சமையலறை மேசையில் பழைய துணியை நான்காக மடித்துப் போட்டு, குறடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி வாசலில் நின்று, "அவ்வளவு பவுண்டு குடுத்து வாங்கினதை ஏங்க உடைக்கிறீங்க? உடைச்சா விலை போகாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க" என்றாள். உண்மைதான், அந்த எண்ணும் முத்திரையும் போனால் விலையில் ஒரு பங்கு போய்விடும். "உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்" என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் மேசை விளக்கைப் பக்கத்தில் நகர்த்திக் கொடுத்தாள். பெட்டியின் மூலையைக் குறடில் கவ்வி மெதுவாக நெரித்தேன். முதல் இரண்டு மூலைகள் வெண்மையாக மாறியதே தவிர விடவில்லை, மூன்றாவது மூலையில் படீரென்று ஒரு சத்தம், நீளமாக விரிசல் ஓடியது. பிளாஸ்டிக் துணுக்குகளை ஒதுக்கி, வளையத்தோடு டோக்கனைத் துணிமேல் கவிழ்த்தேன். எடுத்து விளக்குக்குக் கீழே விளிம்பை நிறுத்திச் சுற்றினேன். ஒரு சுற்று முழுதாகச் சுற்றினேன். எழுத்தே இல்லை. வழவழவென்று, சோப்புத் துண்டு மாதிரி. லென்ஸ் வைத்து இன்னொரு சுற்று. ஒரு எழுத்தின் கால்கூட இல்லை.

எழுத்தில்லாத விளிம்பு உள்ள லாக்கிங்டன் ஒன்றும் போலி இல்லை. ஆனால் புழக்கத்துக்கு அடித்தவன் வாக்கை விட்டுவிட்டு ஏன் அடிக்கப் போகிறான்? என் கையில் இருந்தது படம் மட்டும், கடன் இல்லாத படம். விற்றவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அந்தக் கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. போகாமல் நின்றது, நான்கு வருடம் நான் அதைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கவே இல்லையே என்பதுதான்.

முகத்துக்கு முன்னால் வந்த எழுத்து

விளிம்பில் எப்படி எழுதினார்கள் என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ். இரண்டு எஃகுச் சட்டங்கள், ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் வாசகத்தின் பாதி. ஒரு சட்டம் அசையாது, மற்றது கைப்பிடியைச் சுற்றினால் நகரும். நடுவில் ஒன்றும் அடிக்காத வெறும் செப்பு வில்லையைப் படுக்க வைத்து உருட்டினால், அரைச் சுற்றில் இரண்டு பக்கமும் எழுத்து பதிந்துவிடும். அதற்கு அப்புறம்தான் அந்த வில்லை திருகு அச்சு இயந்திரத்துக்குப் போய் முகமும் முதுகும் வாங்கும். அதாவது வாக்கு முதலில், முகம் பிறகு. அதனால்தான் ஒரே மாதிரியான இரண்டு ட்ரூயிட் பென்னிகளை அருகருகே வைத்தால் ஒன்றில் 'லண்டன்' என்ற சொல் பூசாரியின் தாடிக்குக் கீழே வரும், இன்னொன்றில் முக்காட்டுக்கு மேலே வரும். வில்லையை அச்சில் எப்படிப் போட்டார்களோ அப்படி.

இதில்தான் பொய்க்கும் இடம் இருந்தது. பர்மிங்ஹாம் பட்டறைகளில் ஒரு வேலைக்கு உருட்டிய வில்லை மிஞ்சினால் அடுத்த வேலைக்குப் போட்டுவிடுவார்கள். கள்ளமாக அடிப்பவர்கள் வேண்டுமென்றே எங்கேயும் பொருந்துகிற விளிம்பாகப் போட்டார்கள்: 'லங்காஸ்டர், லண்டன் அல்லது பிரிஸ்டலில் பணம் தரப்படும்'. எந்தக் கடை, எந்தத் தெரு, யார் பெயர் என்று ஒன்றும் இருக்காது. இன்னும் சிலவற்றில் 'எங்கும் செல்லும்' என்றே எழுதியிருக்கும். எங்கும் செல்லும் என்றால் எந்த வாசலிலும் கேட்க முடியாது. பர்மிங்ஹாமின் வில்லியம் லட்விச் போன்றவர்கள் நேர்மையான ஆர்டர்களையும் அடித்தார்கள், இந்த மாதிரிச் சரக்கையும் அடித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சுரங்கக் கூலிக்கு விளிம்பில் எழுத்து இருந்தாலே நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் செலவழித்தவர்கள் இவர்கள். இந்தச் சேகரிப்பில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இந்த விளிம்புகள்தான்.

அடுத்த சந்தையில் நான் தட்டு எடுத்துப் போகவில்லை. பெரியவரின் மேசைக்குக் கீழே 'எதை எடுத்தாலும் 5 பவுண்டு' என்று ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும், அதன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கிளறியிருப்பேன், விரல் நுனியெல்லாம் செம்பு வாசனை. அடியில் ஒன்று கனமாக வந்தது. ட்ரூயிட் பென்னி என்று எடையை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. பூசாரியின் முக்காடு ஒரு மேடாக மட்டும் இருந்தது, கண் இல்லை, தாடி ஆற்றங்கல் மாதிரி வழுவழுத்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மினுக்கம். ஓக் மாலையில் இரண்டே இரண்டு இலைகள். பின்னால் பின்னல் எழுத்து இருந்ததற்கு ஒரு நிழல். யாரும் வாங்கமாட்டார்கள். விளிம்பைத் திருப்பினேன். உள்ளே அமிழ்ந்து பதிந்த எழுத்துகள், இருநூறு வருட அழுக்கு கருப்பாக அடைத்திருந்ததால் மை வைத்து எழுதியதுபோல் தெளிவாக நின்றன. முதலில் 'லிவர்பூல்' வந்தது, அப்புறம் 'அல்லது ஆங்கில்சி', பிறகு சுற்றிக்கொண்டு 'கேட்டவுடன்', 'லண்டன்'. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. எத்தனை உள்ளங்கை, எத்தனை கல்லாப்பெட்டி, எத்தனை சாராயக்கடை மேசை அந்த முகத்தைத் தின்றிருக்கும். மேடாக இருந்ததெல்லாம் தேய்ந்துவிட்டது, பள்ளமாக எழுதியது இருக்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை மூன்று நான்கு தடவை சுற்றிச் சுற்றிப் படித்தேன்.

பெரியவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அது வேலை பார்த்தது" என்றார். ஐந்து பவுண்டு வாங்கிக்கொண்டார்.

இதோடு முடித்திருந்தால் அவர் கட்சியில் நானும் சேர்ந்திருப்பேன். தேய்ந்ததே நிஜம், பளபளப்பது பொம்மை என்று. ஆனால் தாமஸ் ஸ்பென்ஸ் இருக்கிறாரே. நியூகாசிலில் பிறந்து லண்டன் ஹோல்பர்னில் 'சுதந்திரத் தேன்கூடு' என்று பெயர் வைத்த சிறு கடையில் புத்தகமும் துண்டறிக்கையும் டோக்கனும் விற்றவர். நிலம் அந்தந்த ஊர் மக்களுக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் சொன்னது. 1794இல் விசாரணையே இல்லாமல் ஏழு மாதம் சிறையில் வைத்தார்கள். அவருடைய டோக்கன்களில் ஒரு பூனை உட்கார்ந்து 'அடிமைகள் நடுவே நான் என் சுதந்திரத்தை அனுபவிக்கிறேன்' என்கிறது. ஒரு அமெரிக்கப் பழங்குடி மனிதன் வில்லோடு நின்று 'ஒருமுறை வாடகை கொடுக்கச் சம்மதித்தால் என் விடுதலை போய்விடும்' என்கிறான். ஸ்பென்ஸ் சேகரிப்பவர்களுக்குத்தான் விற்றார், அதில் ஒளிவுமறைவு இல்லை. எந்த முகத்தோடும் எந்த முதுகையும் ஜோடி சேர்த்துப் புதிது புதிதாக அடித்தும் விற்றார். ராஜாவின் காசுகள்மேலேயே தன் வாசகங்களைக் குத்தியும் புழங்க விட்டார். பூனை டோக்கனை எந்தக் கல்லாவில் கொடுத்தாலும் அரைப்பென்னி கிடைக்கும் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் அது வேலை பார்த்தது என்றுதான் சொல்வேன். அச்சடித்த தாளைப் பறிமுதல் செய்த காலத்தில் இழுப்பறைக்குள் பத்திரமாக உட்கார்ந்து, காத்திருந்து, நம் கைக்கு வந்து இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

அதே மாதிரி, சங்கிலியோடு மண்டியிட்டுக் கைகூப்பிய ஆப்பிரிக்க மனிதன், 'நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா'. மறுபக்கம் கோத்த இரு கைகள். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் 1787இல் பதக்கமாகச் செய்த உருவம், அரைப்பென்னியாக வந்தது. விளிம்புகளில் சும்மா பெயருக்குப் போட்ட லிவர்பூல், பிரிஸ்டல், லங்காஸ்டர் எல்லாம் அடிமைக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்கள் என்பதை நினைத்தால், இந்த அரைப்பென்னி யார் பக்கம் பார்த்துக் கைகூப்புகிறது என்று தெரியும். என்னிடம் இருப்பது நன்றாகவே இருக்கிறது, பெரிய தேய்மானம் இல்லை. அதை வேலை பார்க்காதது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இதைப் பெரியவரிடமே சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அது சுவரொட்டி, காசு இல்லை" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினோம், இன்னும் முடிவு வரவில்லை.

அரசாங்கத்துக்கு 1797இல்தான் புத்தி வந்தது. பர்மிங்ஹாம் சோஹோவில் நீராவியால் நாணயம் அடித்துக்கொண்டிருந்த மாத்யூ போல்டனிடமே பென்னி அடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ஒரு பென்னிக்கு ஒரு அவுன்ஸ் செம்பு, பத்து வருடம் முன்னால் ட்ரூயிட் பென்னி வைத்த அதே அளவு. விளிம்பில் எழுத்து இல்லை. ராஜாவின் காசு எந்த வாசலையும் காட்ட வேண்டியதில்லை அல்லவா. டோக்கன்கள் மெல்ல ஓய்ந்தன.

அந்த சோஹோவைத் தேடிப் போனபோதுதான் என் தட்டின் பதிமூன்றாவது உருப்படி வந்தது. 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக போல்டனின் ஆலையில் சென்னை மாகாணத்துக்கென்று அடித்த இருபது காசு. முன்னால் கம்பெனிச் சின்னம், பின்னால் பாரசீக எழுத்து, கீழே ஆங்கிலத்தில் நம் 'காசு', போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய்த் திரிந்த உருவத்தில். (கைப்பணம் என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் 'கேஷ்' வேறு வழியில், பிரெஞ்சுப் பணப்பெட்டியிலிருந்து வந்தது. நாணயத்தின் பெயர்தான் நம்முடையது.) 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் பீப்பாய் பீப்பாயாக ஏற்றி அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் புயலில் கப்பல் சிக்கி உடைந்தது. 1980களில் முக்குளித்தவர்கள் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். என்னிடம் இருப்பது அவற்றில் ஒன்று. ஒரு கைகூடத் தொட்டுச் செலவழிக்காத காசு. ஆனால் தேய்ந்திருக்கிறது, கடல் ஒரு ஓரத்தைத் தின்றிருக்கிறது.

போன மாதச் சந்தைக்குத் தட்டை மறுபடி எடுத்துப் போனேன். இந்தத் தடவை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். இடது பக்கம் வாசல் உள்ளவை, கொடைவா, பர்ச்செல், பாத் அச்சகம், நடுவில் அந்த முகமில்லாத ட்ரூயிட். வலது பக்கம் மற்றவை, ஸ்லாப்பிலிருந்து வெளியே வந்த லாக்கிங்டனும் அங்கேதான். ஸ்பென்ஸின் பூனையை இரண்டுக்கும் நடுவே வைத்திருந்தேன், பெரியவர் அதைப் பார்த்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இருபது காசைத் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பிரித்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பழக்கத்தில் விளிம்பைச் சுற்றினார், ஒன்றும் இல்லை. "இது?" என்றார்.

"வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது" என்றேன். "எங்கள் ஊருக்கு."

கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்து எடை பார்த்தார். அப்புறம் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ட்ரூயிடுக்குப் பக்கத்துக் குழியில் இருந்த பர்ச்செலை ஒரு இடம் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் காசை அங்கே வைத்தார்.